சுலோச்சனா அக்காவும் ஒற்றை வரி மசோதாவும்

செய்தி வந்தபோது நான் டே கேரில் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் என்று ஆபீஸ் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். மறுமுனையில் நித்யா, சுலோச்சனா அக்காவின் ஒரே மகள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். நாம் தமிழில் எது கேட்டாலும் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். அன்று தமிழில் பேசினாள்.

"பூங்கொடி ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க."

அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. வைத்துவிட்டாள். நான் திரும்பிப் போய் மீதிக் குழந்தைகளுக்கும் ஊட்டி முடித்தேன். பிறகு பார்க்கிங்கில் இருந்த என் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். பிளெய்ன்ஸ்பரோ பக்கத்திலும் மான்மவுத் ஜங்ஷனிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் அவர் கையால் பொங்கல் சாப்பிடாதவர்கள் குறைவு. கரூர்க்காரர், சென்னையில் சட்டம் படித்தவர், மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த நடராஜன் அண்ணனின் மனைவி என்பதெல்லாம் தெரியும். அக்கா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் மட்டும் "கவர்ன்மென்ட்ல ஏதோ" என்று நிறுத்திவிடுவீர்கள். அந்த "ஏதோ"வைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். எனக்கும் அவருக்கும் உறவு ஏற்பட்டதே அதனால்தான்.

மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தால் அது நேரே அவைக்குப் போய்விடாது. முதலில் ஒரு குழுவுக்குப் போகும். குழுவின் தலைவர் எடுத்துக்கொண்டால்தான் விசாரணை. விசாரணைக்குப் பிறகு அவர் ஓட்டுக்கு விட்டால்தான் மேலே போகும். காவல், தீயணைப்பு, சாலைப் பாதுகாப்பு இவற்றையெல்லாம் பார்க்கிற குழுவுக்கு அக்கா அலுவலராக இருந்தார். தலைவருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. மசோதா என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாக வாசிப்பார். திருத்தம் கேட்டால் எழுதிக் கொடுப்பார். கடைசியில் உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஓட்டைக் குறித்துக்கொள்வார். எந்தக் கட்சிக்கும் அவர் ஆள் இல்லை. பள்ளிப் பேருந்தின் கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு காலை முழுவதும் பேசுவார்கள். ஆம்புலன்ஸ் விளக்கின் நிறத்துக்காக இன்னொரு காலை போகும். எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். "அந்த ரூம்ல எனக்கு முகம் கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த அறைக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. தமிழில் முதுகலைப் பட்டம். கல்யாணம் ஆகி இந்த மாநிலத்துக்கு வந்தேன். எந்த ஊரில் இருந்தோம் என்பது வேண்டாம். என் கணவர் அடிப்பார். ஒருநாள் என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். கணவர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். அதில் ஒரு காவலர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "என்னை அடிக்கிறாருங்க, காப்பாத்துங்க" என்றேன். எனக்கு வேறு மொழி பேச வராது. அவர் என் கணவர் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஊரில் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போதுதான் ஃபோன் வந்தது, அதனால் அழுகிறாள் என்று கணவர் சொன்னார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் போலீஸ் எழுதிய குறிப்பிலிருந்து எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காவலர் கெட்டவர் இல்லை. போகும்போது என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்து "சாரி" என்றார். அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். எதற்குச் சொல்கிறார் என்றுதான் தெரியவில்லை. கதவு சாத்திய பிறகு நடந்ததில் என் இடது காது போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் என்னைச் சேர்த்தார்கள். குணமான பிறகு அங்கிருந்தவர்கள் ஒரு மசோதாவைப் பற்றிச் சொன்னார்கள். குடும்பச் சண்டை என்று போலீஸ் ஒரு வீட்டுக்குப் போனால், மொழி தெரியாதவர் சார்பாக அதே வீட்டுக்காரரைப் பேச வைக்கக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையமும் ஃபோனிலாவது மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். வந்து பேசுவாயா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

விசாரணை அன்று சாலையெல்லாம் உறைபனி. எனக்கு ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு அம்மா வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"பூங்கொடிங்கறது நீங்கதானா? எந்த ஊரு?"

"கோபி பக்கமுங்க."

"நான் கரூர். ஊர்க்கதை அப்புறம் பேசலாம். உங்க இன்டர்பிரட்டர் கார் ஸ்கிட் ஆகி நடுவழியில நிக்கிறாங்களாம். என்னால பண்ண முடியுமான்னு சேர்மன் கேட்டார். நீங்க சரின்னா பண்றேன்."

"பண்ணுங்க மேடம்."

"ஒண்ணு சொல்லிடறேன். நான் இந்தக் கமிட்டியோட ஸ்டாஃப். உங்க பக்கமும் கிடையாது, எதிர்ப் பக்கமும் கிடையாது. நீங்க சொல்றத அப்படியே சொல்வேன். நல்லா இருக்கணும்னு ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். அசிங்கமா இருக்குன்னு ஒரு வார்த்தை விட மாட்டேன். அழுகை வந்தா அழுதுட்டு மெதுவா சொல்லுங்க. நான் நிக்கறேன்."

தலைவருக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொல்வார். அவருடைய வாக்கியங்கள் எல்லாம் "நான்" என்று தொடங்கின. அந்த அளவுக்கு ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. "அவள் சொல்கிறாள்" என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. "நான் கீழே விழுந்தேன்", "நான் கத்தினேன்" என்று, கண்ணாடி போட்ட, ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மா என் கதையைத் தன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உறுப்பினர்களில் ஒருவர் மிகவும் தணிந்த குரலில் கேட்டார். மொழி தெரியாவிட்டால் என்ன, சைகையாவது காட்டியிருக்கலாமே என்று. அக்கா அதைத் தமிழில் சொன்னார். நான் பதில் சொன்னேன்.

"காட்டினேனுங்க. கழுத்தைக் காட்டினேன். அவர் என்ர வீட்டுக்காரரைப் பார்த்து, தொண்டை வலியான்னு கேட்டார்."

அக்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

எல்லோரும் பேசி முடித்ததும் தலைவர் ஒரு சொல் சொன்னார். "ஹெல்ட்." ஏதோ கையில் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

"வோட்டுக்கு விடலன்னு அர்த்தம். வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"அது அவர் இஷ்டம்."

அதைச் சொல்லும்போதும் அவருக்கு முகம் இல்லைதான். ஆனால் கோட்டுப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டு போனார்.

காப்பகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு ஞாயிறு, நம்மவர்களில் பெரிய மனிதர் ஒருவர் அங்கே வந்தார். பெயர் வேண்டாம். இன்றைக்கு அவரும் வருந்துவார். நான் சமையலறையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

"என்னம்மா சுலோச்சனா, வெள்ளக்காரன் முன்னாடி நம்ம மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே. நம்மளது படிச்ச கம்யூனிட்டி. இதெல்லாம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்குன்னு அவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

"சார், நான் எதுவும் சொல்லல. அந்தப் பொண்ணு சொன்னா. நான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

"அதைத்தான் சொல்றேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி சொல்லியிருக்கலாம்ல?"

"அவ வீட்டுக்காரன் அன்னிக்குப் பண்ணினதும் அதுதான் சார். அட்ஜஸ்ட் பண்ணி சொன்னான்."

அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அக்காவை விழாக்களுக்குக் கூப்பிடுவது குறைந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

சில மாதங்களில் அவர் வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. இன்னும் சில வருஷம் இருந்திருந்தால் நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம் என்று நடராஜன் அண்ணன் எவ்வளவோ சொன்னார். "அவ ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான்" என்று என்னிடம் கையை விரித்தார். ஏன் விட்டீர்கள் என்று நானே கேட்டேன்.

"ஓட்டுக்குப் பேர் கூப்பிடறப்ப குரல் நடுங்குது கண்ணு. அந்த ஒரு பில் நிக்குதுங்கற நெனப்பு இருக்கறப்ப, மத்த பில்லெல்லாம் என் காதுல விழ மாட்டேங்குது. அப்படி ஒருத்தி அந்த சீட்ல உக்காரக் கூடாது."

அன்றிலிருந்து அவர் பார்வையாளர் வரிசைக்கு வந்துவிட்டார். குழு கூடுகிற நாளிலெல்லாம் போவார். எனக்கு விடுமுறை கிடைத்தால் நானும் போவேன். மசோதா அன்றைக்கு எடுக்கப்படாது என்று தெரிந்தே போவோம். லிஃப்ட் வாசலில் நிற்பார். உறுப்பினர்கள் வந்தால் கூடவே நடப்பார். நேற்றுவரை அவர் எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்கள் இப்போது அவரைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆளுக்கு நூறு மசோதா. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அழுகிற முகம் ஒன்று இருக்கும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. சிறிய ஊர்களின் காவல் நிலையக்காரர்கள் ஃபோன் ஏற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் தங்களால் முடியாது என்றார்கள். செலவு இருக்கிற மசோதா என்றால் அது நிதிக் குழுவுக்கும் போக வேண்டும். அங்கே போனால் திரும்பாது என்று அக்காவுக்குத் தெரியும். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மசோதாவை வெட்ட ஆரம்பித்தார். ஃபோன் ஏற்பாடு போயிற்று. பயிற்சி போயிற்று. காப்பகங்களுக்கான பகுதி போயிற்று. கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. புகார் வந்த வீட்டில் இருக்கும் மற்றவரைக் காவலர் மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் வெட்டிட்டீங்களேக்கா. போலீஸ் அவர்கிட்ட கேக்கக் கூடாது, சரி. அப்ப யாருகிட்ட கேப்பாங்க? யாருமே இல்லாம நிக்கறதுக்கா இத்தனை பாடு?" என்று கத்தினேன்.

"கேக்க ஆள் இல்லன்னா அவன் போக முடியாது. அங்கயே நிக்கணும். யாரையாவது கூப்பிட்டே ஆகணும். உனக்கு அன்னிக்கு அவன் போகாம நின்னிருந்தா போதுமா, போதாதா?"

அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் வலிக்கலயா? ஒவ்வொண்ணா வெட்டறப்ப ஒவ்வொருத்தியா வெளிய தள்ளற மாதிரி இருக்கு. ஆனா முழுசா கேட்டா ஒண்ணுமே வராதுடி. இருபது வருஷமா அந்த ரூம்ல உக்காந்து பார்த்திருக்கேன். ஒரு வரி வந்துட்டா அதைப் புடிச்சுக்கிட்டு அடுத்த வருஷம் இன்னொரு வரி கேக்கலாம்."

அந்த ஒரு வரி குழுவில் ஓட்டுக்கு வந்தது. அக்கா இருந்த இடத்தில் வேறொரு இளம்பெண் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் ஆம் என்றார்கள். சைகை காட்டியிருக்கலாமே என்று என்னிடம் கேட்டவரும் ஆம் என்றார். அக்கா என் கையை அழுத்திய அழுத்தத்தில் வளையல் உடைந்தது. வெளியே வந்து, சட்டமன்றத்தின் உணவகத்தில் ஆறிப்போன சூப்பைக் குடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். அவரோடு நான் அப்படிச் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு அவையின் முழு ஓட்டு. அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மசோதா காலாவதி. மறுபடியும் புது எண், மறுபடியும் குழு, முதல் படியிலிருந்து. இலையுதிர் காலம் முழுவதும் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தோம். அந்த நாட்களில் அக்கா மெலிந்துகொண்டே போனார். அலைச்சல் என்று நினைத்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு படியேறுவார். கேட்டால் "அசிடிட்டி" என்பார்.

ஜனவரியில் கடைசி நாள் வந்தது. மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். கீழே மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஓட்டுப் பலகையில் பச்சை விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. ஒவ்வொரு எண்ணைப் படிக்கும்போதும் அக்கா முன்னால் சாய்வார். எங்கள் எண் வரவில்லை. கடைசியில் அவர்கள் ஒருவரை ஒருவர் கை குலுக்கத் தொடங்கினார்கள். ஓய்வு பெறுகிற உறுப்பினர்களுக்குக் கைதட்டினார்கள். நம் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்களில் ஒருவர். அவருக்கும் கைதட்டினார்கள்.

"இன்னும் இருக்குங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. செத்துப்போச்சு."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. நேரம் போதவில்லை, அவ்வளவுதான். எதிரி இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

திரும்பும் வழியில் அவர்தான் காரை ஓட்டினார். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரு கடையின் பார்க்கிங்கில் திடீரென்று நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஓவரியில கேன்சர்னு சொல்லியிருக்காங்க. அக்டோபர்லயே ஆபரேஷன் பண்ணணும்னாங்க. ஊருக்குப் போயிட்டு வந்து பண்ணிக்கறேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். வீட்ல இவர்கிட்ட டெஸ்ட் நார்மல்னு சொல்லிட்டேன். ஒரு மூணு மாசம்தானே, இது முடிஞ்சிடட்டும்னு இருந்துட்டேன்."

அவர் தொடர்ந்தார்.

"நான் அந்த காரிடார்ல இல்லன்னா மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். இருந்தும் மறந்துட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எத்தனையோ பேர் அழுததை முகம் மாறாமல் கேட்டவர். எனக்கு அவரைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை. பிறகு மெதுவாக அவர் தோளில் கை வைத்தேன். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. அவர் அழுது முடித்து அவரே ஓட்டிவரும்வரை அங்கேயே இருந்தோம்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நித்யா என்னிடம் வந்தாள். கல்லூரியிலிருந்து ஓடி வந்திருந்தாள். ஆங்கிலத்தில் பேசினாள். அதற்குள் எனக்கு அது புரிகிற அளவுக்கு வந்திருந்தது. "என் அம்மாவின் மூன்று மாதத்தை வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை" என்றாள். நடராஜன் அண்ணன் "நித்யா!" என்று அதட்டினார். பிறகு அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்று மாதம் முன்னால் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர்களும் உறுதியாகச் சொல்லவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. புதிய கூட்டத்தொடரில் புதிய உறுப்பினர் ஒருவரைப் பிடித்தார். மசோதாவுக்குப் புதிய எண் வந்தது. மறுபடியும் அதே குழு, அதே தலைவர். கீமோ நாற்காலியில் கையில் ஊசியோடு உட்கார்ந்துகொண்டு உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஃபோன் பண்ணுவார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்காருவார். நடுவில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் உட்காருவார். "போதும்க்கா, நான் பார்த்துக்கறேன்" என்றால், "உனக்கு அந்த ஆளுங்க பேரே ஒழுங்கா வராது" என்பார்.

இந்த மே மாதத்தில் ஒருநாள் அவரோடு போனது கடைசித் தடவை. குழு முடிந்தது. எங்கள் மசோதாவைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைவர் பின்வாசல் வழியாக வாகன நிறுத்தத்துக்குப் போனார். அக்கா என் கையை உதறிவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தார். நடக்கக் கூட இல்லை, தடுமாறி ஓடினார். அவர் காரில் ஏறும் நேரத்தில் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் பதறி இறங்கினார். இதே அம்மா தன் பக்கத்தில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருந்தவர் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நல்ல விதமாகத்தான் பேசினார். ஜூன் முடியும்வரை பட்ஜெட்தான், வேறெதுவும் எடுக்க முடியாது, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். அக்கா கதவை விடவில்லை.

"எனக்கு ஜூலை இல்லை, சார்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு "ப்ளீஸ்" என்றார். மறுபடியும் "ப்ளீஸ்." மூன்றாவது தடவை சொல்லும்போது குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவர் அக்காவின் கையைப் பிடித்துக் கதவிலிருந்து மெதுவாக எடுத்தார். தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கோடை விடுமுறைக்குப் பிறகு கூடும் முதல் கூட்டத்தில் எடுக்கிறேன் என்று சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் ஜூன் முடியும்வரை பட்ஜெட்தான். அதை யாராலும் மாற்ற முடியாது. அக்காவுக்கு அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

கடைசியாக அவரைப் பார்த்தது வீட்டில், ஜன்னல் ஓரம் போட்டிருந்த கட்டிலில். கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று திரும்பப் போனேன்.

"தோத்துட்டேன்டி" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நீங்க இல்லாட்டி நான்..."

"ஆறுதல் சொல்லாத. எனக்கு அது வேண்டாம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அடுத்த ஹியரிங்குக்கு யாரு வருவா?"

"நான் வருவேன்."

"நீ மட்டும் போதாது. ரூம் காலியா இருந்தா சேர்மன் மறுபடியும் நிறுத்தி வெச்சிடுவார். ரூம் நெறையணும். இந்த ஊர்ல எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கு? ஒருத்தரும் வரலயே. ஏன் ஒருத்தரும் வரல?"

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நித்யா வந்து அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். என்னைப் போகச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அறை நிறைந்திருந்தது. உட்கார இடமில்லாமல் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு அமைதி, எவ்வளவு நிதானம் என்றார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, இவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த சுலோச்சனா அக்கா பொறுமையானவர் இல்லை. அவருக்குள் எப்போதும் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும், எங்கோ ஒரு வீட்டுக் கதவு திறந்து ஒரு காவலர் தப்பான ஆளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் துடித்தார். அந்தத் துடிப்பை ஒரு சாம்பல் நிறக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். நீங்கள் பார்த்தது அந்தக் கோட்டு மட்டும்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தத் துடிப்பைத்தான். அமைதியை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய புடவைகளில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி நடராஜன் அண்ணன் கொடுத்தார். வாங்கவில்லை. புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

கோடை முடிந்ததும் அந்தக் குழு கூடுகிறது. தலைவரின் அலுவலகத்தில் கேட்டேன். எடுப்பதாகத்தான் இருக்கிறார் என்றார்கள். உறுதியாகச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தொடரும் ஜனவரியில் முடிகிறது. என் ஆங்கிலம் கடைக்கும் டே கேருக்கும் போதும். அந்த மேஜைக்குப் போதாது. அதனால் நான் தமிழில்தான் பேசப்போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒருவர் வேண்டும். பின்னால் இருக்கிற நாற்காலிகளில் உட்காரவும் ஆட்கள் வேண்டும். அஞ்சலிக்கு அத்தனை பேர் வந்தீர்கள். வேலை நாள், காலை நேரம், லீவு போட வேண்டியிருக்கும். யார் வருகிறீர்கள்?